ஆரோக்கியம் மூடிய வண்டி

எங்கள் வட்டாரத்து மெக்கானிக்குகள் சேர்ந்து ஆரோக்கியசாமிக்குப் பாராட்டு விழா எடுக்கிறார்கள். விழாவுக்கு ஒரு மலர் போடுகிறார்களாம். அதற்குக் கட்டுரை கேட்டு இரண்டு பேர் என் வீட்டுக்கு வந்தார்கள். காப்பி கொடுத்து உட்கார வைத்து, "எத்தனை பக்கம் எழுதணும்?" என்று கேட்டேன். முப்பத்தாறு வருஷம் ஜீப்புகளுக்கு அடியில் படுத்துக் கிடந்தவன் நான். எழுத என்னிடம் நிறைய இருந்தது.

"ரெண்டு பக்கம் போதுங்க சார். ஆரோக்கியம் அண்ணன்கூட ஒரே பட்டறையில வேலை பாத்தவங்கள்ல இப்ப நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்க. வண்டியைத் தொட்டுப் பாத்தே எப்படிக் குறை கண்டுபிடிப்பாரு, அதெல்லாம் நீங்க எழுதுனா நல்லா இருக்கும்" என்றார் வந்தவர்களில் மூத்தவர்.

அவர்களுக்கு வேண்டியது என் அனுபவம் இல்லை. அவன் அனுபவத்துக்கு ஒரு சாட்சி. சரி என்று தலையாட்டி அனுப்பிவிட்டு மதியம் சாப்பிட உட்கார்ந்தேன். சோறு இறங்கவில்லை. அறுபதைத் தாண்டிய வயதில் இன்னொருவனுக்குப் போடுகிற மாலைக்காக வயிறு எரிகிறதே என்று எனக்கே வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தோடு எழுதியதுதான் இது. மலரில் போடுவதும் போடாததும் அவர்கள் இஷ்டம். என் பெயர் கலியமூர்த்தி.

தொழிற்பயிற்சி நிலையத்தில் இரண்டு வருஷம், பாபநாசத்தில் ஒரு டிராக்டர் கடையில் ஒரு வருஷம். அதன் பிறகு கும்பகோணத்துக்கு வெளியே, தஞ்சாவூர் சாலையில் இருந்த ஒரு பட்டறையில் சேர்ந்தேன். நாலு சக்கரமும் இழுக்கிற ஜீப்புகள்தான் அங்கே பிரதானம். காண்டிராக்டர்கள், அரசு அலுவலகங்கள், பெரிய பண்ணைக்காரர்கள் எல்லாரும் அங்கேதான் கொண்டுவந்து விடுவார்கள். எங்கள் பக்கத்துச் சேறு வண்டிக்கு எமன். வாய்க்காலில் இறங்கி ஏறுகிற ஜீப்பின் அச்சுக்குள் தண்ணீர் புகுந்துவிடும். எண்ணெய் மோர் மாதிரி வெளுத்துப் போகும். அப்புறம் பேரிங் போகும்.

நான் சேர்ந்து இரண்டு வருஷம் கழித்து ஆரோக்கியசாமி வந்தான். பூண்டிக்குப் பக்கத்து ஊர்க்காரன், என் வயதுதான். பயிற்சி நிலையத்தின் வாசலைக்கூட மிதிக்காதவன். லாரிப் பட்டறை ஒன்றில் சாமான் கழுவித் தொழில் பழகியவன். அவன் வந்த மூன்றாவது வாரம் திருவையாற்றுப் பக்கத்துப் பண்ணைக்காரர் ஒருவர் ஜீப்பைக் கொண்டுவந்தார். அறுபது கிலோமீட்டர் வேகத்துக்குமேல் போனால் ஊளையிடுகிறது என்றார். நான் ஓட்டிப் பார்த்தேன். கியர் பெட்டி என்று முடிவு செய்து ஒன்றரை நாள் அதைப் பிரித்துப் போட்டுவிட்டேன். உள்ளே எல்லாம் புதிது போல இருந்தது. மறுபடி மூடிய பிறகு ஆரோக்கியம் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தான். வண்டியின் தரையில் இரண்டு உள்ளங்கையையும் வைத்துக்கொண்டு, "ஓட்டு" என்றான். சுவாமிமலை கைகாட்டி வரைக்கும் போய்த் திரும்பினோம்.

"பின்னாடி பினியன் பேரிங் சார். முன்னாலது நல்லா இருக்கு, உள்பக்கத்துதான் போயிருக்கு" என்று ஃபோர்மேனிடம் சொன்னான்.

பின் அச்சைத் திறந்து பார்த்தால் அவன் சொன்னபடியே இருந்தது. பண்ணைக்காரர் அவன் தோளில் தட்டினார். அறுவடை முடிந்ததும் ஒரு மூட்டை உளுந்து கொண்டுவந்து அவன் சைக்கிளில் கட்டிவிட்டுப் போனார். ஒன்றரை நாள் கியர் பெட்டிக்குள் கைவிட்டு நகம் பெயர்ந்தவனைப் பார்த்து, "வரேன் தம்பி" என்றார்.

அன்றிலிருந்து எங்கள் பட்டறைக்கு வருகிற டிரைவர்கள் வாசலிலேயே, "ஆரோக்கியம் இருக்கானா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். இல்லை என்றால் டீக்கடையில் போய் உட்கார்ந்து கொள்வார்கள். நான் அங்கேயே நின்றுகொண்டிருப்பேன், கையில் ஸ்பானரோடு. என் மனைவிகூட ஒரு பொங்கலுக்கு அவன் வந்துபோன பிறகு, "ஆரோக்கியம் அண்ணன் வந்தா வீடே கலகலன்னு இருக்கு" என்றாள். அடுத்த பொங்கலுக்கு நான் அவனைக் கூப்பிடவில்லை.

எங்கள் ஃபோர்மேன் தேவநேசன் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தரங்கம்பாடிப் பக்கத்து லுத்தரன் கிறிஸ்தவக் குடும்பம். கிரீஸும் கரியுமாகக் கிடக்கிற பட்டறையில் வெள்ளை அரைக்கைச் சட்டையோடு வருவார், வெள்ளையாகவே திரும்பிப் போவார். குரல் உயராது. யாரையும் திட்ட மாட்டார், யாரையும் மெச்சவும் மாட்டார். அச்சை மூடி வண்டி தயார் என்று சொன்னால் வந்து பின்னால் நிற்பார்.

"மூடுனது யாரு?"

"நான்தான் சார்" என்று நான் சொன்னால் உள்ளங்கையை நீட்டுவார். நான் எடுத்த அளவுகளை எழுதிய சீட்டை அதில் வைக்க வேண்டும். படிப்பார். பிறகு, "மூடியைத் திற. ஒரு தடவை எனக்கு முன்னாடி அளந்து காட்டு" என்பார். நான் எண்ணெயை வடித்து, மூடியைக் கழற்றி, மறுபடி அளந்து காட்டுவேன். ஒரு தடவைகூட என் அளவு தப்பினதில்லை. தலையாட்டிவிட்டுப் போவார். மூடியது ஆரோக்கியம் என்றால், "வண்டியை வெளிய எடு" என்பார். அவ்வளவுதான். சீட்டு கிடையாது, திறப்பது கிடையாது. ஒன்பது வருஷம் இதைப் பார்த்தேன். ஊராரின் உளுந்தைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். இதைப் பொறுக்க முடியவில்லை.

இந்தத் தொழில் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஜீப்பின் பின் அச்சுக்கு நடுவில் குடம் மாதிரி ஒரு இரும்பு உருண்டை தொங்கும். அதற்குள்ளேதான் டிஃபரன்ஷியல் இருக்கிறது. என்ஜினிலிருந்து நீளமாக வருகிற தண்டின் நுனியில் பினியன் என்கிற சின்னப் பல்சக்கரம். அது கிரவுன் என்கிற பெரிய பல்சக்கரத்தைச் சுற்றும். கிரவுன் பூட்டியிருக்கிற கூட்டுக்குக் கேரியர் என்று பெயர். இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் சுற்றைப் பங்கிட்டுக் கொடுப்பது அதுதான். கேரியரின் இரண்டு பக்கமும் இரண்டு பேரிங். ஒவ்வொரு பேரிங்கையும் அரைவட்டமாக ஒரு இரும்புக் கேப்பு மேலே கவ்விப் பிடித்திருக்கும்.

கேரியரைக் கழற்ற வேண்டுமானால் முதலில் சக்கரங்களைக் கழற்றி இரண்டு பக்கத்து ஆக்ஸில் தண்டுகளையும் உருவ வேண்டும். எண்ணெயை வடிக்கும்போது ஒரு வெள்ளைத் துணியில் கொஞ்சம் பிடித்து வெயிலில் காட்டிப் பார்க்க வேண்டும். மினுமினுத்தால் உள்ளே இரும்பு தின்கிறது என்று அர்த்தம். பின் மூடியைத் திறந்ததும் கைவைக்காமல் கொஞ்ச நேரம் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகுதான் முக்கியமான காரியம். கேப்புகள் இரண்டும் பார்க்க ஒன்று போலவே இருக்கும். ஆனால் ஒன்றின் இடத்தில் மற்றது உட்காராது. அச்சுக் கூட்டோடு சேர்த்து வைத்துக் கடைந்தவை அவை. மாறிப் போனால் மயிரிழை அளவு கோணலாகி பேரிங்கை நெரிக்கும். அதனால் கழற்றும் முன்பே அடையாளம் போட வேண்டும். இடது கேப்பில் ஒரு புள்ளி, அதைத் தாங்குகிற கூட்டில் ஒரு புள்ளி. வலது பக்கம் இரண்டு, இரண்டு. நான் பஞ்ச் வைத்துச் சுத்தியலால் ஒரே தட்டு தட்டுவேன். எங்கள் பட்டறையில் புள்ளி குத்துகிறவன் நான் ஒருவன்தான். ஆரோக்கியம் குத்த மாட்டான். நினைவில் வைத்துக்கொள்வான். அவன் நினைவு தப்பி நான் பார்த்ததில்லை.

கேப்புகளை எடுத்த பிறகு இரண்டு கடப்பாறைத் துண்டுகளை இருபக்கமும் கொடுத்து நெம்பினால் கேரியர் அசையாது, அசையாது, திடீரென்று மடியில் வந்து விழும். அதை வாங்கிக்கொள்ளத் தொடையைத் தயாராக வைத்திருக்க வேண்டும். பூட்டும்போது எல்லாம் தலைகீழ். பேரிங்குக்கு அடியில் இருந்த சிம் என்கிற மெல்லிய இடைத் தகடுகள் அதனதன் பக்கத்துக்கே போக வேண்டும். கேரியரை நேராக இறக்கி மரச் சுத்தியலால் தட்டி உட்கார வைத்து, கேப்புகளைப் போட்டு அளவாக முறுக்கி, கிரவுன் பல்லில் டயல் கேஜை வைத்து அதன் ஆட்டத்தை அளக்க வேண்டும். பல்லில் மை தடவிச் சுற்றி, தடம் பல்லின் நடுவில் விழுகிறதா என்று பார்க்க வேண்டும். இவ்வளவையும் முறையாகச் செய்தால் ஒரு முழு நாள். நான் முழு நாள் எடுப்பேன். அவன் மதியச் சாப்பாட்டுக்கு முன் முடிப்பான்.

அந்த ஒன்பதாவது வருஷம் ஐப்பசியில் அடைமழை. கொள்ளிடத்தில் தண்ணீர் கரையைத் தொட்டுக்கொண்டு போனது. வயலில் சம்பா நாற்று முழுகிக் கிடந்தது. கரை பலவீனமாக இருந்த ஒரு இடத்துக்கு மணல் மூட்டையும் சவுக்குக் கட்டையும் போய்க்கொண்டே இருக்க வேண்டும். லாரி போனால் கரையே இறங்கிவிடும். ஒரு அரசு அலுவலகத்து ஜீப்தான் டிரெய்லர் கட்டிக்கொண்டு இழுத்தது. அதை ஓட்டியவர் கோவிந்தராஜ் அண்ணன். எங்களைவிட ஏழெட்டு வயது மூத்தவர், திருவிடைமருதூர்க்காரர். அந்த அலுவலகத்தில் தற்காலிக டிரைவர். அந்த ஜீப்பின் பின் அச்சு சத்தம் போட ஆரம்பித்துவிட்டது. பட்டறை வரைக்கும் கொண்டுவர முடியாது, அங்கேயே வந்து பாருங்கள் என்று ஆள் வந்தது. தேவநேசன் சார் எங்கள் இருவரையும் புது பேரிங்குகளோடு அனுப்பினார். "ஆரோக்கியம் பாத்துக்கட்டும். நீ கூட இரு" என்றார் என்னிடம்.

நெல் காய வைக்கிற ஒரு சிமெண்டுக் களத்தில் ஜீப்பைத் தூக்கி நிறுத்தினோம். மேலே தார்ப்பாய் கட்டியும் ஒழுகியது. நாங்கள் போய் இறங்கியபோதே கோவிந்தராஜ் அண்ணன், "ஆரோக்கியம் வந்துட்டானா? அப்ப சரி, கவலை இல்ல" என்றார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் நின்றேன்.

எண்ணெய் மினுமினுத்தது. இடது பேரிங் குழி குழியாகக் கொத்திப் போயிருந்தது. ஆரோக்கியம் மறுபக்கம் ஆக்ஸில் தண்டை உருவிக்கொண்டிருந்தபோது நான் வழக்கம்போலப் புள்ளி குத்தினேன். அவன் கவனிக்கவில்லை. கேரியரை இருவரும் சேர்ந்து இறக்கினோம். மண்ணெண்ணெய் அடுப்பில் எண்ணெயைச் சூடாக்கி, புது பேரிங்குகளை அதில் போட்டு எடுத்து மாட்டினோம். அதுவரை எல்லாம் ஒழுங்காக நடந்தது. கேப்புகள் இரண்டும் ஒரு சாக்கின்மேல் இருந்தன. திடீரென்று காற்று அடித்துத் தார்ப்பாயின் ஒரு முனை பிய்த்துக்கொண்டது. சாக்கு நனையாமல் இருக்க ஆரோக்கியம் அதை அப்படியே சுருட்டி வண்டிக்கு அடியில் தள்ளினான். நான் குடையை விரித்து, திறந்து கிடந்த அச்சின்மேல் பிடித்தேன்.

கேரியரை இறக்கி உட்கார வைத்தான். சாக்கை விரித்து ஒரு கேப்பை எடுத்து இடது பக்கம் வைத்தான். அதில் இரண்டு புள்ளி இருந்தது.

நான் குடையைப் பிடித்துக்கொண்டு ஒரு முழம் தூரத்தில் நின்றேன். தெளிவாகப் பார்த்தேன். சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். அப்போது பக்கத்தில் குந்தியிருந்த கோவிந்தராஜ் அண்ணன், "தம்பி, குடையை நேரா புடி. அவன் மேல சொட்டுது பாரு" என்றார்.

வாயை மூடிக்கொண்டேன்.

அப்போது என் மனதில் இருந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன். நெரிபடுகிற பேரிங் கொஞ்ச தூரத்திலேயே ஊளையிடும். வண்டியை நிறுத்திவிடுவார்கள். கயிறு கட்டிப் பட்டறைக்கு இழுத்து வருவார்கள். மூடியது யார் என்று தேவநேசன் சார் கேட்பார், ஆரோக்கியம் "நான்தான்" என்பான், அவர் திறந்து பார்ப்பார். ஒரே ஒரு தடவை அவர் இவன் வேலையைத் திறந்து பார்க்க வேண்டும். அதற்குமேல் எனக்கு வேறு ஆசை இல்லை. கரையைப் பற்றியும் தண்ணீரைப் பற்றியும் நான் நினைக்கவே இல்லை. தண்ணீரின் இரைச்சல் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது.

ஆரோக்கியம் கேப்புகளை முறுக்கிவிட்டு கிரவுனைக் கையால் சுற்றினான். புருவத்தைச் சுருக்கினான்.

"கொஞ்சம் இறுக்கமா இருக்கே. புது பேரிங், ஓட ஓட சரியாயிடும். நீ என்ன சொல்றே மூர்த்தி?"

என்னிடம் கேட்டான். ஒன்பது வருஷத்தில் அவன் என்னிடம் யோசனை கேட்டது அதுதான் முதல் தடவை. டயல் கேஜ் என் பெட்டியில், துணியில் சுற்றியபடி இருந்தது.

"சரியாயிடும்" என்றேன்.

மறுநாள் மதியம் அந்த ஜீப் மணல் மூட்டைகளோடு கரைமேல் போகும்போது பேரிங் உடைந்து, கேரியர் சாய்ந்து, கிரவுன் பல் சிதறி உள்ளே சிக்கிக்கொண்டது. பின் சக்கரம் இரண்டும் ஒரே நேரத்தில் இறுகிவிட்டன. ஈரமண்ணில் வண்டி பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போய்ச் சரிந்தது. ஆற்றுப் பக்கம் போயிருந்தால் ஆளே கிடைத்திருக்க மாட்டார். வயல் பக்கம் உருண்டது. மூட்டைகளின்மேல் இருந்த இரண்டு ஆட்கள் குதித்துவிட்டார்கள். கோவிந்தராஜ் அண்ணனின் வலது கால் வண்டிக்கு அடியில் போய்விட்டது. சேறாக இருந்ததால் கால் மிஞ்சியது, ஆனால் முழங்காலுக்குக் கீழே மூன்று இடத்தில் உடைந்து, பிறகு அது மடங்கவே இல்லை. தற்காலிக டிரைவருக்கு அலுவலகத்தில் வேறு வேலை தர வழியில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

அச்சை மட்டும் பட்டறைக்குக் கொண்டுவந்தார்கள். தேவநேசன் சார் எங்கள் இருவரையும் எதிரில் நிற்க வைத்துக்கொண்டு தன் கையாலேயே திறந்தார். அன்றைக்குத்தான் அவர் சட்டையில் எண்ணெய் பட்டுப் பார்த்தேன். கேப்புகளைத் துடைத்துப் பக்கத்தில் வைத்தார். புள்ளிகளைப் பார்த்தார்.

"இந்தப் புள்ளி உன்னோடதுதானே?" என்று என்னிடம் கேட்டார்.

"ஆமா சார்."

"மூடுனது யாரு?"

"நான்தான் சார்" என்றான் ஆரோக்கியம். "மாத்திப் போட்டுட்டேன் சார். என் தப்புதான்."

அவர் என்னை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "மூடும்போது நீ எங்க இருந்தே?"

"டீ வாங்கப் போயிருந்தேன் சார்."

ஆரோக்கியம் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தான். மறுபடி தரையைப் பார்த்துக்கொண்டான். தேவநேசன் சார் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அதற்குப் பிறகு ஆரோக்கியம் மூடிய ஒவ்வொரு வண்டியையும் அவர் திறக்கச் சொன்னார். சீட்டு கேட்டார். அவன் சரியாக எழுதத் தெரியாமல் என்னிடம் வந்து, "இதை எப்படி எழுதறது?" என்று கேட்பான். எழுதிக் கொடுப்பேன். நான் ஆசைப்பட்டது நடந்துவிட்டது. ஆனால் டிரைவர்கள் மாறவில்லை. "ஒரு தடவை தவறாத கை உண்டா?" என்று சொல்லிக்கொண்டு, முன்பு போலவே அவனுக்காக டீக்கடையில் காத்திருந்தார்கள். தப்பு செய்தும் அவன் பெயர் கெடவில்லை. எனக்கு அதுவும் எரிந்தது.

ஒன்றரை வருஷத்தில் அவன் மஸ்கட்டுக்குப் போனான். பாலைவனத்தில் ஓடுகிற வண்டிகளுக்கு அங்கே அவன்தான் டாக்டர் என்று வருகிறவர்கள் சொல்வார்கள். தேவநேசன் சார் ஓய்வு பெற்ற பிறகு என்னை ஃபோர்மேன் ஆக்கினார்கள். அவர் போகிற அன்று என்னிடம் சாவியைக் கொடுத்தார். நான் பதினான்கு வருஷம் அந்த நாற்காலியில் இருந்தேன். என் காலத்தில் ஒரு வண்டிகூடத் திரும்பி வரவில்லை. மலருக்குக் கட்டுரை கேட்டு வந்தவர்களுக்கு அது தெரியுமோ என்னவோ.

அவர்கள் வந்துபோன அடுத்த வாரம் மயிலாடுதுறைக்குப் போனேன். ஆரோக்கியம் இப்போது அங்கே மகள் வீட்டோடு இருக்கிறான். நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தான். நரைத்துவிட்டான். எனக்கும் அப்படித்தான்.

"மலருக்கு எழுதச் சொல்லியிருக்காங்க. கொள்ளிடம் வேலையைப் பத்தி எழுதலாமான்னு கேக்க வந்தேன்" என்றேன்.

"எழுதேன். நான் பண்ண தப்பு, ஊருக்கே தெரியும்."

"கேப்பு மாறினதை நான் பாத்தேன் ஆரோக்கியம்."

தைலம் தேய்த்துக்கொண்டே இருந்தான். "தெரியும்" என்றான்.

"எப்படி?"

"டீ வாங்கப் போனேன்னு சார்கிட்ட சொன்னியே, அப்பத்தான். நீதானே எனக்குக் குடை புடிச்சுக்கிட்டு நின்னே. ஒண்ணும் பாக்காதவன் எதுக்குப் பொய் சொல்லணும்?"

"அப்ப ஏன் நீ சொல்லலை?"

"மாத்திப் போட்டது என் கை. நீ பாத்தேன்னு சொன்னா அது உன் கையா ஆயிடுமா?"

இத்தனை வருஷம் கழித்துத் திட்டு வாங்கத்தான் போயிருந்தேன். அதைக்கூட அவன் தரவில்லை. அந்த இடத்திலும் அவன் பெரியவனாகவே இருந்தான். அவனுக்கு முன்னால் உட்கார்ந்து அவன்மேலேயே பொறாமைப்பட்டேன்.

அப்புறம் கையைத் துடைத்துக்கொண்டு, "கோவிந்தராஜ் அண்ணன்கிட்ட சொல்லிட்டியா?" என்று கேட்டான்.

"இல்ல."

"எங்கிட்ட வந்து சொல்றே. கால் போனது எனக்கா?" முதல் தடவையாக அவன் குரல் கடுத்தது. "நான் ஊருக்கு வர்றப்பல்லாம் அவரைப் போய்ப் பாத்துட்டுத்தான் வருவேன். ஒவ்வொரு தடவையும், மூர்த்தி எப்படி இருக்கான்னு கேப்பாரு. நல்லா இருக்கான்னு சொல்லிட்டு வருவேன். வேற என்ன சொல்றது?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இருபத்தெட்டு வருஷமாக அந்தக் களத்தை நான் நினைக்காத நாள் குறைவு. நினைக்கும்போதெல்லாம் அங்கே இரண்டு பேர்தான் இருந்தார்கள், அவனும் நானும். விபத்து நடந்தபோது ஒரு தடவை ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சுப் பழத்தோடு போய்ப் பார்த்தேன். பிறகு அந்த மனிதர் எப்படிப் பிழைத்தார் என்று நான் விசாரித்ததே இல்லை.

வீட்டுக்குப் போகாமல் திருவிடைமருதூரில் இறங்கினேன். உறவினர் ஒருவருடைய உரக்கடையில் உட்கார்ந்து கோவிந்தராஜ் அண்ணன் பில் போட்டுக்கொண்டிருந்தார். நீட்டியபடி இருந்த வலது காலுக்கு ஒரு ஸ்டூல். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது.

"வா தம்பி, வா. மூர்த்திதானே? எத்தனை வருஷமாச்சு. உக்காரு. டீ சொல்லட்டுமா?"

டீ வேண்டாம் என்றேன். சொல்ல ஆரம்பித்தேன். குடை வரைக்கும் வந்தபோது ஒரு விவசாயி யூரியா கேட்டு வந்துவிட்டார். அண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாக பில் எழுதினார். மூட்டை ஏறுகிறவரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "சொல்லு" என்றார். மீதியையும் சொன்னேன். சரியாயிடும் என்று சொன்னதையும், டீ வாங்கப் போனதாகச் சொன்ன பொய்யையும் விடவில்லை.

கண்ணாடியைக் கழற்றி பில் புத்தகத்தின்மேல் வைத்தார்.

"அன்னைக்குக் கரை ஏறும்போதே ஊளைச் சத்தம் கேட்டுச்சு" என்றார். "காலுக்கடியில வண்டி அதிர்ந்துச்சு. நிறுத்திப் பாக்கலாமான்னு ஒரு நிமிஷம் யோசிச்சேன். ஆரோக்கியம் மூடின வண்டி, அதுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு ஓட்டிட்டேன். நீ மூடினதா இருந்திருந்தா அங்கயே நிறுத்தியிருப்பேன்."

குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. நடந்ததை நினைத்துப் பார்த்துச் சொன்னார்.

"சொல்ல வந்தது அவ்வளவுதானே?"

"ஆமாண்ணே. நான் வந்து..."

கையைக் காட்டி நிறுத்தினார். கம்பை எடுத்து ஊன்றி, ஒரு பக்கமாகச் சாய்ந்து எழுந்து, கடை வாசல் வரைக்கும் வந்தார். அந்தப் பத்தடி நடப்பதற்கு அவருக்கு எவ்வளவு நேரமாகிறது என்பதை அன்றுதான் பார்த்தேன்.

"சொன்னது நல்லதுதான்" என்றார். "இனிமே இந்தப் பக்கம் வராதீங்க."

என்னை எப்போதும் வா, போ என்று உரிமையோடு பேசியவர். தம்பி என்று சொல்லாமல் ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் படியிறங்கினேன்.

மயிலாடுதுறையிலிருந்து வந்த பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். இவ்வளவு எழுதிய பிறகு இதை மட்டும் மறைப்பதில் அர்த்தமில்லை. கும்பகோணம் வந்து சேருகிறவரை அவர் சொன்ன ஒன்றுதான் எனக்குள் திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது. வராதீங்க என்று சொன்னது இல்லை. நான் மூடியதாக இருந்தால் நிறுத்தியிருப்பேன் என்று சொன்னது.